வங்கி அறிக்கையில் ஒரு வரி: மாநகர் மன்றத்திற்குப் போன பணத்தை அடையாளம் காண்பது எப்படி?

பிப்ரவரி மாதமும் ஆகஸ்ட் மாதமும் முடியும் வேளையில், பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாக வீடோ கடையோ வைத்திருப்பவர்களின் வங்கி அறிக்கையில் வழக்கத்தில் இல்லாத ஒரு தொகை கழிந்திருக்கும். சில அறிக்கைகளில் ‘டிபிகேஎல்’ என்று பெயர் தெளிவாக இருக்கும். பலவற்றில் நான்கைந்து எண்களும் ஏதோ ஒரு சுருக்கெழுத்தும் மட்டுமே இருக்கும். மகன் கைப்பேசியில் கட்டியிருப்பார், அம்மாவின் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், மூன்று மாதம் கழித்து அறிக்கையைப் பார்க்கும்போது அது எதற்கான காசு என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. கட்டிய வரியையே மறுபடியும் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கட்டிவிட்டோம் என்று நம்பி நிலுவையை வளர விடுபவர்கள் அதைவிட அதிகம். மோசடிக்காரன் எடுத்த பணத்தை ‘கவர்மெண்ட் வரியாக இருக்கும்’ என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. ஒரு தொகை கழிந்திருந்தால் அது யாருக்குப் போனது, எதற்காகப் போனது, அளவு சரிதானா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்.

யாருக்குப் போனது?

வங்கி அறிக்கையில் இருக்கும் பெயர், பணம் சென்ற வழியின் பெயராக இருக்கலாம். பணம் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் அதில் இல்லாமலும் போகலாம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஜோம்பே வழியாகக் கட்டினால், பணம் பெறும் அமைப்புக்கென ஒரு குறியீட்டு எண் உண்டு. அதோடு ‘முதல் குறிப்பு எண்’ என்று நாம் தட்டச்சு செய்யும் எண்ணும் சேர்ந்து போகும். மதிப்பீட்டு வரியைப் பொறுத்தவரை பெரும்பாலும் இந்தக் குறிப்பு எண்தான் நமது வரிக் கணக்கு எண். அறிக்கையில் இந்த இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தாலும் போதும். மன்றம் அனுப்பிய பில்லை எடுத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ஆனால் குறிப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் நமது காசு வேறொருவரின் வரிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அறிக்கையில் பணம் கழிந்திருந்தும் மன்றத்தில் நிலுவை காட்டினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மன்றத்தின் அகப்பக்கத்திற்குள் சென்று அங்கிருந்து நமது வங்கிக்குத் தாவிக் கட்டுவது எஃப்பிஎக்ஸ் முறை. இதில் பரிவர்த்தனை எண் ஒன்று வரும். வங்கிக்கு வங்கி எழுதும் விதம் மாறுவதால், சில அறிக்கைகளில் மன்றத்தின் பெயருக்குப் பதில் இடையில் பணத்தைக் கையாளும் நிறுவனத்தின் பெயரே தெரியும். மின்பணப்பை வழியாகக் கட்டினால் இன்னும் சிக்கல். வங்கி அறிக்கையில் ‘மின்பணப்பையில் பணம் சேர்ப்பு’ என்பது மட்டும்தான் இருக்கும். வரி கட்டிய விவரத்தை மின்பணப்பையின் சொந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும். வாகன நிறுத்தக் கட்டணத்திற்கும் இதே கதைதான்.

கிள்ளான் வாசிகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. 2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் நகராண்மைக் கழகம் கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. எம்பிகே என்றிருந்த சுருக்கம் எம்பிடிகே ஆனது. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, இரண்டு வெவ்வேறு அலுவலகங்களுக்குப் பணம் போனதுபோல் தோன்றும். உண்மையில் மன்றம் ஒன்றுதான்.

பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்து, பிறகு பூச்சோங், ஷா ஆலாம், கிள்ளான் என்று வீடு வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் பல. அப்பாவின் வீடு ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் என்றால் அதற்கான வரி கோலாலம்பூர் மாநகர் மன்றத்திற்கு. மகனின் வீடு கிள்ளானில் என்றால் அந்த வரி கிள்ளான் மன்றத்திற்கு. வீடு எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்குதான் வரி. உரிமையாளர் எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில் வராது.

எதற்காகப் போனது?

‘வீட்டு வரி’ என்ற ஒரே சொல்லில் நாம் நான்கு வெவ்வேறு கட்டணங்களை அடக்கிவிடுகிறோம். வங்கி அறிக்கையை வாசிக்கத் தடுமாறுவதற்கு இதுவே பெரிய காரணம்.

முதலாவது மதிப்பீட்டு வரி. சுக்காய் தக்சிரான் என்றும், பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து என்றும் சொல்வது இதைத்தான். ஊராட்சி மன்றத்திற்குப் போகும் பணம் இது. குப்பை அள்ளுவது, சாக்கடையைத் துப்புரவு செய்வது, தெருவிளக்கு, பூங்கா, புல் வெட்டுவது போன்ற வேலைகளுக்கான வருமானம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ், ஆண்டுக்கு இரண்டு தவணையாக இதைக் கட்ட வேண்டும். முதல் தவணைக்குப் பிப்ரவரி இறுதி கெடு, இரண்டாம் தவணைக்கு ஆகஸ்ட் இறுதி.

இரண்டாவது நில வரி, அதாவது சுக்காய் தானா. இது மன்றத்திற்குரியது அல்ல. சிலாங்கூரில் மாநில அரசின் நில அலுவலகத்திற்கும், கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச நில, கனிம வள அலுவலகத்திற்கும் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மே 31ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குத் தனிப் பட்டா வந்திருந்தால், சுக்காய் பெத்தாக் என்ற பெயரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் பில் வரும். சிலாங்கூர் 2018இலும் கோலாலம்பூர் 2020இலும் இந்த முறைக்கு மாறின. அதற்கு முன்பு கட்டடத்தின் மொத்த நில வரியை நிர்வாகமே கட்டிவந்ததால், ‘இது என்ன புது வரி’ என்று பலரும் திகைத்தார்கள்.

மூன்றாவது, அடுக்குமாடியின் பராமரிப்புக் கட்டணமும் சேமநிதியும். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி இதைப் பெறுவது கட்டடத்தின் நிர்வாகக் குழு. மின்தூக்கி, காவலாளி, சாயம் அடிப்பது எல்லாம் இந்தப் பணத்தில் நடக்கும். இதற்கும் மன்றத்தின் வரிக்கும் தொடர்பு இல்லை. ‘மாதாமாதம் பராமரிப்புக் கட்டுகிறோமே, பிறகு எதற்கு மதிப்பீட்டு வரி?’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: வேலிக்கு உள்ளே நிர்வாகக் குழு, வேலிக்கு வெளியே மன்றம்.

நான்காவது இண்டா வாட்டர். 1994க்கு முன் கழிவுநீர் வேலை ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தது. அதற்குப் பிறகு இந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பழைய நினைவில் இருக்கும் பெரியவர்கள் இன்றும் இதை மன்றத்தின் பில் என்றே எண்ணுகிறார்கள்.

ஒரு தொகை எந்த மாதத்தில் கழிந்தது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஜனவரி, பிப்ரவரியிலோ ஜூலை, ஆகஸ்டிலோ என்றால் மதிப்பீட்டு வரியாக இருக்க வாய்ப்பு அதிகம். மே மாதம் என்றால் நில வரி. மாதாமாதம் ஒரே தொகை என்றால் பராமரிப்புக் கட்டணம்.

அளவு சரிதானா?

மதிப்பீட்டு வரியின் கணக்கு நாம் நினைப்பதைவிட எளிது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது. அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். அந்த மதிப்பில் இத்தனை விழுக்காடு என்பதே வரி. நாம் அந்த வீட்டை வாடகைக்கு விடாமல் சொந்தமாகக் குடியிருந்தாலும் கணக்கு இப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வீட்டின் மாத வாடகை மதிப்பு 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 12,000 ரிங்கிட். வரி விகிதம் 4 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 480 ரிங்கிட். அரையாண்டுத் தவணை 240 ரிங்கிட். வங்கி அறிக்கையில் தெரிய வேண்டிய எண் இந்த 240தான். 480 கழிந்திருந்தால் இரண்டு தவணையையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம், அல்லது ஒரே தவணையை அம்மாவும் மகனும் ஆளுக்கொரு தடவை கட்டியிருக்கலாம்.

கோலாலம்பூரில் 2014இல் நடந்த மாற்றத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 1992க்குப் பிறகு திருத்தப்படாமல் இருந்த ஆண்டு மதிப்பை மாநகர் மன்றம் அப்போது உயர்த்த முனைந்தது. 2013இன் இறுதியில் வீடுகளுக்குக் கடிதம் வந்ததும் நகரமே கொதித்தது, ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் குடியிருப்புகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 ஆகவும், வணிகக் கட்டடங்களுக்கு 12இலிருந்து 10 ஆகவும் குறைக்கப்பட்டது. விகிதம் குறைந்தும் சிலருக்குப் பில் ஏன் ஏறியது? பழைய ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட் என்றால் 6 விழுக்காட்டில் வரி 360. புதிய மதிப்பு 12,000 என்றால் 4 விழுக்காட்டில் 480. விழுக்காடு இறங்கியது, ரிங்கிட் ஏறியது. ஆகவே பில்லில் விகிதத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் ஆண்டு மதிப்பையும் பார்க்க வேண்டும்.

சிலாங்கூரில் 12 ஊராட்சி மன்றங்களின் மதிப்பீட்டு வரி 2025இல் உயர்ந்தபோது, உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டாது என்று மாநில அரசு அறிவித்தது. இதை ‘வீட்டு மதிப்பில் 25 விழுக்காடு வரி’ என்று புரிந்துகொண்டு பயந்தவர்கள் உண்டு. பழைய பில் 200 ரிங்கிட் என்றால் புதிய பில் அதிகபட்சம் 250 ரிங்கிட் என்பதே அதன் பொருள். கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ வீடு வைத்திருப்பவர்கள் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வங்கி அறிக்கைகளை ஒப்பிட்டாலே உயர்வு எவ்வளவு என்பது கைக்கணக்கில் தெரிந்துவிடும்.

மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மதிப்புப் பட்டியலைத் திருத்தும்போது மன்றம் அறிவிப்புத் தரும். அதில் குறிப்பிட்ட நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். ‘வரி அதிகம், கட்ட முடியவில்லை’ என்று எழுதினால் எடுபடாது. அதே வரிசையில் இருக்கும் அடுத்த வீட்டின் வாடகை, நமது வீட்டின் நிலை, பரப்பளவு ஆகியவற்றைக் காட்டி மதிப்பு ஏன் அதிகம் என்று எழுத வேண்டும். முடிவு வரும்வரை பழையபடி கட்டிவருவது பாதுகாப்பு. ஆட்சேபம் கொடுத்துவிட்டோம் என்று நிறுத்தினால் நிலுவை ஏறும்.

கடன் கணக்கில் ஒளிந்திருக்கும் தொகை

சேமிப்புக் கணக்கின் அறிக்கையைப் பார்ப்பவர்கள்கூட வீட்டுக் கடன் கணக்கின் அறிக்கையைத் திறப்பதில்லை. மாதத் தவணை போய்விட்டதா, சரி, அதோடு முடிந்தது. ஆனால் மன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் நாம் கட்டாமல் விட்ட வரி, கடைசியில் தலைகாட்டும் இடம் அந்த அறிக்கையாக இருக்கலாம்.

கடன் தீரும்வரை வீடு வங்கியிடம் அடமானம். நில வரி நிலுவையில் இருந்தால் நில அலுவலகம் 6ஏ பாரத்தில் அறிவிப்பு அனுப்பி மூன்று மாத அவகாசம் தரும். அதற்குள்ளும் கட்டாவிட்டால் நிலம் அரசுக்கே பறிமுதல் ஆகலாம். அப்படி நடந்தால் வங்கியின் அடமானமும் போய்விடும். அதனால் வங்கி தானே முன்வந்து நிலுவையைக் கட்டி, அந்தத் தொகையை நமது கடனில் சேர்த்துக்கொள்ளத் தேசிய நிலச் சட்டம் இடம் தருகிறது. மதிப்பீட்டு வரிக்கும் இதேபோல் செய்யலாம் என்று பல கடன் ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நாம் கையெழுத்துப் போட்ட தாள்களில் அதுவும் ஒன்று.

இதன் விளைவைப் பாருங்கள். சில நூறு ரிங்கிட் வரி நிலுவை, கடன் கணக்கில் ஏறியதும் கடனோடு சேர்ந்து வட்டிக்கு ஆளாகலாம். மாதத் தவணை மாறாததால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கடன் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பட்டாவை மீட்கப் போகும் நாளில்தான் ‘இன்னும் பாக்கி இருக்கிறது’ என்ற பதில் வரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கடன் கணக்கின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, தவணையும் வட்டியும் தவிர வேறு ஏதாவது தொகை பற்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான ரசீதைக் கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்கு இந்தப் பில்கள் பழக்கமே இல்லை. வீடு கம்பெனியுடையது. குழாய், விளக்கு, சாக்கடை எல்லாம் கிராணியிடமும் மானேஜரிடமும் சொல்லித் தீர்க்க வேண்டிய காரியம். தோட்டம் மூடப்பட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பிறகுதான் வரி, பராமரிப்பு, கழிவுநீர் என்று வெவ்வேறு பெயர்களில் கடிதங்கள் வரத் தொடங்கின, அதுவும் மலாய் மொழியில். முதல் சில ஆண்டுகள் அந்தக் கடிதங்கள் அலமாரிக்குள் போனதில் வியப்பில்லை. தவறு அவர்களுடையது மட்டும் அல்ல. வீட்டுச் சாவி கொடுத்தவர்கள் பில்லை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கெடு தாண்டினால் மன்றம் முதலில் கூடுதல் கட்டணத்தோடு அறிவிப்பு அனுப்பும். அதற்கும் பதில் இல்லை என்றால், பொருள்களைக் கைப்பற்றும் ஆணையோடு அதிகாரிகள் வீட்டுக்கு வர முடியும். வாடகைக்கு இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டில் இருக்கும் பொருள் வாடகைக்காரருடையதாக இருந்தாலும் கைப்பற்றும் ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்க வாடகைக்காரர் நிலுவையைக் கட்டினால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, அதை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படிக் கட்டினால் வங்கி அறிக்கைதான் சாட்சி, ரொக்கமாகக் கட்டாதீர்கள்.

இன்னொன்று பெயர் மாற்றம். அப்பா காலமாகிப் பத்து ஆண்டு ஆகியும் பில் அவர் பெயரிலேயே வரும் வீடுகள் நம்மிடையே ஏராளம். வீடு கைமாறினாலும் வாரிசுக்கு வந்தாலும் மன்றத்திற்குத் தெரிவிப்பது கட்டாயம். விற்றவர் தெரிவிக்காவிட்டால் விற்ற வீட்டின் வரிக்கும் அவரையே தேடி வருவார்கள். பட்டாவில் பெயர் மாறினால் மன்றத்திலும் தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அலுவலகம்.

ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. வழிபாட்டுத் தலம், மயானம், பொதுப் பள்ளி, லாப நோக்கமற்ற அறப்பணி இடங்களுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்குத் தர மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது மன்றத்தின் விருப்பத்திற்கு உட்பட்டது. நிர்வாகக் குழு விண்ணப்பிக்க வேண்டும். ஆலயத்தின் வங்கி அறிக்கையில் ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கழிந்துகொண்டிருந்தால், பொருளாளர் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்பலாம். ஆலய வளாகத்தில் வாடகைக்கு விட்ட மண்டபமோ கடையோ இருந்தால் அந்தப் பகுதிக்கு விலக்குக் கிடைப்பது கடினம்.

கட்டுகிறோம், கேட்கிறோமா?

மதிப்பீட்டு வரி கட்டுபவர் தமது மாநகர் மன்ற உறுப்பினருக்கு வாக்களிப்பதில்லை. 1965இல் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. இடையில், 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், அப்போது செனட்டராக இருந்த ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை.

வாக்கு இல்லாத இடத்தில் ரசீதுதான் நமக்குள்ள பிடி. சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று புகார் எழுதும்போது, வரிக் கணக்கு எண்ணையும் கடைசியாகக் கட்டிய தேதியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். புகார் செய்பவர் வரி செலுத்தும் குடியிருப்பாளர் என்பது முதல் வரியிலேயே பதிவாகட்டும். ஒரு தெருவே சேர்ந்து இப்படி எழுதினால் இன்னும் கனம் கூடும்.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. மன்றத்தின் வரிக் கணக்கு எண், நில வரிக் கணக்கு எண், பராமரிப்புக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். வீட்டில் யார் கட்டுவது என்பதை ஒருவரிடம் ஒப்படையுங்கள். கட்டியவுடன் ரசீதைச் சேமியுங்கள், ஒரு வாரம் கழித்து மன்றத்தின் இயங்கலைச் சேவையில் நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் வரும் ‘வரி பாக்கி’ இணைப்பைத் தட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் மன்றத்தின் முகப்புக்கு நேரில் செல்லுங்கள்.

அறிக்கையில் கழிந்த தொகை மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை என்றால், அதை வரி என்று எண்ணிச் சும்மா இருக்கக் கூடாது. உடனே வங்கியை அழையுங்கள். மோசடி என்று தோன்றினால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கொண்டுபோக வழி உண்டு.

தமிழில் வரி என்றால் செலுத்துவதும் வரிதான், எழுத்தின் ஒரு கோடும் வரிதான். அடுத்த முறை வங்கி அறிக்கை வரும்போது இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். வீட்டில் மலாய்க் கடிதம் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில்லையும் அறிக்கையையும் ஒருமுறை ஒப்பிட்டுக் காட்டுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.